ரெண்டாம் தடவை வர்றவங்க

"யாரு ரெண்டாம் தடவை வர்றாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதாம்மா" என்றார் கமாலுதீன் மாமு.

ரூபினாவுக்குச் சுருக்கென்றது.

ராயபுரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அவளுடைய தாய்மாமன் அவர். நோன்பு மாதம் வந்துவிட்டால் தினமும் சாயங்காலம் கடை வாசலில் அண்டா ஏறிவிடும். இன்னார் இனியார் என்று பார்க்காமல் தெருவில் எல்லா வீட்டுக்கும் கஞ்சி. இந்த வருஷம் வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார். அட்டையை போனில் காட்டிவிட்டு வாங்கிப் போகிற மாதிரி ஒரு ஆப் வேண்டுமாம். கம்ப்யூட்டர் படித்த அக்கா மகள் இருக்கும்போது வெளியில் எதற்குப் போக வேண்டும்?

"ரெண்டாம் தடவை வந்தா போன் கத்தணுமா மாமு?"

"சேச்சே, சத்தம் கூடாது. சிவப்பா எரியட்டும். யாருன்னு என் காதாண்ட மெல்ல சொல்லு, போதும்."

காதோடு காதாகக் காட்டிக்கொடுக்கிற வேலை வேறா! அண்டா அண்டாவாக ஊற்றுகிற மனுஷனுக்கு ஒரு கரண்டி கூடப் போனால் பொறுக்கவில்லையே என்று ரூபினா மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கூடப் படித்த சங்கமித்ராவுக்கு போன் போட்டாள்.

"இதுல யோசிக்க இன்னாடி கீது?" என்றாள் சங்கமித்ரா. "வீடுன்னு ஒரு கிளாஸ். ஒவ்வொரு அட்டையும் ஒரு ஆப்ஜெக்ட். வாங்கினவங்களை எல்லாம் ஒரு செட்ல போடு. அதே வீடு மறுபடி வந்தா செட்டு உள்ள வுடாது. உடனே சிவப்பைக் காட்டு. முடிஞ்சுது."

"லிஸ்ட்ல போட்டா?"

"லிஸ்ட்டு இன்னாத்துக்கு? அது யாரு வந்தாலும் கேள்வியே கேக்காம சேத்துகினே போவும்."

"கேள்வி கேக்காததுதான்டி எனக்கு வேணும்."

"லூசாடி நீ? எங்க ஆபீஸ்ல இப்படி எழுதினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"உங்க ஆபீஸ்ல கெங்கம்மா இல்லையே!"

கெங்கம்மா ரூபினாவுக்குக் கீழ் வீடு. காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். கையில் முள் குத்திச் சீழ் வைத்து, வேலைக்குப் போகாமல் கிடக்கிறாள். மூன்று பிள்ளைகள். நோன்பு தொடங்கிய நாளிலிருந்து ரூபினா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முதலில் தூக்குவாளியோடு வருவாள். கொஞ்ச நேரம் கழித்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குக்கரோடு வருவாள். பாத்திரம் மாறினால் ஆளும் மாறிவிட்டதாக அவள் நினைப்பு. இருக்கிற கூட்டத்தில், ஊற்றுகிற கடை ஆட்களுக்கும் பாத்திரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

ரூபினா லிஸ்ட்டே போட்டாள்.

சாயங்காலம் போனோடு அண்டா பக்கத்தில் போய் நின்றாள். தூக்குவாளிக்குப் பச்சை எரிந்தது. குக்கருக்கும் பச்சை எரிந்தது. ரூபினாவுக்கு ஒரே குஷி.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமு தினமும் கேட்பார்.

"யாராச்சும்?"

"ஒருத்தரும் இல்ல மாமு."

"நெசமாவா?"

அவர் முகம் தொங்கிப்போகும். பிடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று இப்படி ஒரு வருத்தமா!

அப்புறம் ஒருநாள் மாமு தன் வீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். பச்சை. மறுபடி நீட்டினார். அப்போதும் பச்சை.

"இன்னாமா இது? எனக்கே ரெண்டு தடவை ஊத்துது உன் போனு!"

கடை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ரூபினா அசடு வழிந்தாள். "நாளைக்குச் சரி பண்ணிடறேன் மாமு."

மறுநாள் பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து லிஸ்ட்டை எடுத்துவிட்டு செட் போட்டாள். வேலை என்னமோ சின்னதுதான். மனசுதான் கேட்கவில்லை. இன்றைக்கு ரெண்டாம் தடவை வராதே என்று சொல்லிவிடலாமென்று கீழே இறங்கிப் போனாள். நீ வருவது எனக்குத் தெரியும் என்று ஒருத்தியின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"கை எப்படிக்கா கீது?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாள்.

சாயங்காலம் தூக்குவாளி வந்து போனது. பின்னாலேயே குக்கரும் வந்தது.

போன் சிவப்பாக எரிந்தது.

ரூபினா சட்டென்று போனைக் கவிழ்த்தாள். அதற்குள் மாமு பார்த்துவிட்டார்.

"யாரும்மா அது?"

எதிரில் நிற்கிறவளை யாரென்று கேட்கிறாரே, நக்கலா? ரூபினா கவிழ்த்த போனை முந்தானையால் துடைத்தாள்.

"கேக்கறேன்ல?"

"கெங்கம்மா..." குரல் கீழே போனது. "பாவம் மாமு, கையில முள்ளு குத்தி..."

மாமு நாற்காலியிலிருந்து எழுந்தார். "டேய், அந்தக் குக்கரைத் தளும்பத் தளும்ப ரொப்புடா!" என்றார். கெங்கம்மா நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள் தலை மறைந்ததும் மாமு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாபிரா! ஒரு வூடு கெடச்சுது!"

சாபிரா மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "அப்பாடா! எந்த வூடு?"

"கெங்கம்மா வூடு. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெ. யாரும் பாக்காத நேரமா எறக்கச் சொல்லு."

"மாமு... இதுக்காகவா?" என்றாள் ரூபினா.

"ருசிக்கு வர்றவங்க ஒரு தடவைதாம்மா வருவாங்க. வூட்ல ஒல கொதிக்கலன்னாத்தான் ரெண்டாம் தடவை வருவாங்க. 'அரிசி கீதா'ன்னு கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவாங்க? போன வருசம் வரைக்கும் மூஞ்சைப் பாத்தே கண்டுபுடிச்சுகினு இருந்தேன். இப்ப ரெண்டு கண்ணுலயும் பொரை. அதான் உன் போனைக் கேட்டேன்."

மாமி ரூபினாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"நல்ல நேரத்துல சரி பண்ணினம்மா! நம்ம தெருவுல பசின்னு ஒருத்தரும் இல்லன்னு சொல்லி, குடுக்கன்னு வாங்கி வெச்ச அத்தினி மூட்டையையும் நாளைக்கு அரிசிக் கடைக்கே திருப்பி அனுப்ப இருந்தாரு உன் மாமு."