நானே கேட்டாலும்

"ஆறே ஆறு நம்பர்! அதைச் சொல்ல உனக்கு என்ன வலிக்குது?"

சார் கத்திய கத்தலில், கட்டி முடியாத அந்த வீட்டில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். சொல்ல முடியாது."

போனில் பேசியது ஆபீஸ் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வீட்டுக்கு ப்ளான் போட்டுக் கொடுப்பது சாருடைய தொழில். போன வருஷம்தான் எல்லா வரைபடங்களையும் கிளவுடில் ஏற்றினார். அதாவது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் பாதுகாப்பில். அதைத் திறக்க பாஸ்வேர்டு மட்டும் போதாது. வரவேற்பு மேஜையில் இருக்கும் பழைய போனுக்கு ஆறு எண் வரும். அதையும் போட வேண்டும்.

இப்போது சாரின் வலது காதில் அந்த கிளவுடு கம்பெனி அதிகாரி. இடது காதில் இந்தப் பெண்.

"பதறாதீங்க சார்," என்றது வலது காது, தேன் ஒழுக. "உங்க அக்கவுண்ட்ல வைரஸ் புகுந்திருக்கு. இன்னும் பத்து நிமிஷத்துல எல்லா ஃபைலும் அழிஞ்சிடும். ஆபீஸ் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க, நான் காப்பாத்திக் கொடுத்திடறேன்."

"கேட்டியா? எல்லாம் போயிடுமாம்! என் உழைப்பு பூராவும் அதுலதான்மா இருக்கு!"

"கேட்டுச்சு சார். ஆனா போன் மேல சீட்டு ஒட்டியிருக்கே."

"என்ன சீட்டு?"

"'இதில் வரும் எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது.' நீங்க ஒட்டினதுதான் சார். நேத்து மீட்டிங்லகூட இதைத்தானே அவ்வளவு நேரம் பேசினீங்க?"

பேசினார்தான். பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். ஆபீஸில் அவருக்கு 'உபதேசம்' என்றே பட்டப்பெயர்.

"ஐயோ, அது எவனாவது என் குரல்ல பேசி ஏமாத்தினா! இது நிஜமாவே நான்தான்!"

"அவனும் அப்படித்தானே சார் சொல்லுவான்?"

சாருக்குத் தலை கிறுகிறுத்தது. நான்தான் நான் என்று நான் எப்படி நிரூபிப்பது? இவள் சொல்வது சரியா, தப்பா? ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது மனுஷனுக்குச் சட்டென்று வருவது கோபம்தானே?

"நான் ஆபீஸ் வர்றதுக்குள்ள பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்கணும்! இனி உனக்கு இங்க வேலை கிடையாது!"

ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அப்படி ஒரு சத்தம்.

"சரிங்க சார். ஆனா நம்பர் சொல்ல மாட்டேன்."

பத்து நிமிஷம் கரைந்தது. தேன் ஒழுகிய குரல் திடீரென்று கெட்ட வார்த்தையில் ஒரு திட்டு திட்டிவிட்டு போனை வைத்தது. அதிகாரி ஏன் திட்ட வேண்டும்? சார் காலையிலிருந்து திறந்தே வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு ஃபைல்கூட அழியவில்லை.

அதற்குள் 'மேகம்' கூப்பிட்டான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். எதைக் கேட்டாலும் கிளவுடு, கிளவுடு என்பதால் வந்த பெயர்.

"சார், எவனோ உங்க பாஸ்வேர்டைப் போட்டு உள்ள வரப் பார்த்திருக்கான். அந்த ஆறு நம்பர் கிடைக்காததால வாசலோட நின்னுட்டான். இப்பதான் பாஸ்வேர்டை மாத்தினேன். ஆமா, பழைய பாஸ்வேர்டு அவனுக்கு எப்படிப் போச்சு?"

காலையில் வந்த ஒரு மெயில் சாருக்கு ஞாபகம் வந்தது. 'உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும்' என்று ஒரு லிங்க். சரிபார்த்துத் தொலைத்திருந்தார். 'கண்ட லிங்க்கையும் தொடாதீங்க' என்பது நேற்றைய மீட்டிங்கில் அவர் செய்த இன்னொரு உபதேசம்.

ஆபீஸுக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். அந்தப் பெண் தோளில் பையோடு, கண் சிவந்து, கதவோரம் நின்றாள்.

"சார், அவ ஒருத்தி சம்பாத்தியத்துலதான் அந்த வீடே ஓடுது," என்று ஆரம்பித்தார் மூத்த வரைபடக்கார அம்மா. "நீங்க வகுத்த விதியைக் கேட்டதுக்கா இந்தத் தண்டனை?"

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் சார் வாயைத் திறந்தார். எங்கே ஆரம்பிப்பது? போனிலா, மெயிலிலா?

"என்னக்கா நீங்க?" என்று அந்தப் பெண்ணே சிரித்தாள். "சார் நேத்து பாடம் எடுத்தார், இன்னைக்குப் பரீட்சை வெச்சார். திட்டினதுகூட நடிப்புதான். நான் பாஸா சார்?"

"பா... பாஸ்," என்றார் சார்.

ஒரே கைதட்டல். "அப்போ உள்ள வரப் பார்த்ததும் நீங்க ஏற்பாடு பண்ணின ஆள்தானா? அடேயப்பா, என்னமா நடிச்சீங்க சார்!" என்றான் மேகம். ஒரு கணம் சாருக்கே குழப்பம், நிஜமாகவே பரீட்சைதான் வைத்தோமோ என்று.

எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் மெல்ல அவள் மேஜைக்குப் போனார்.

"என்னை மன்னிச்சிடும்மா. நிஜமாவே பரீட்சைன்னுதான் நினைச்சியா?"

"இல்ல சார். பேசறது நீங்கதான்னு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. யாரோ உங்களை ஏமாத்தறாங்கன்னும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னே?"

பழைய போனில் ஓரம் பிரிந்திருந்த சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியபடியே அவள் சொன்னாள்:

"நீங்களே ஏமாந்தீங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு இந்தச் சீட்டை யார் சார் மதிப்பாங்க?"