இடம் கேட்டு ஒரு சண்டை

"எம்மவனுக்கு அந்தக் கிளாஸ்ல இடம் இல்லன்னு சொல்றதுக்கு நீங்க யாரு டீச்சர்?"

மேசையில் விழுந்த அடியில் திலகா டீச்சரின் தேநீர் பாதி தட்டில் கொட்டியது. தேர்ச்சி அறிக்கை வாங்கப் பள்ளி மண்டபத்துக்கு வந்திருந்த பெற்றோர் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சண்டை என்றால் யாருக்குத்தான் கழுத்து திரும்பாது?

சண்டைக்காரரின் பெயர் காளிதாஸ். கையில் ஹெல்மெட், காலில் சிலிப்பர். தஞ்சோங் கிளிங்கிலிருந்து லூபோக் சீனா பக்கம் புதிதாகக் குடிவந்தவராம். தொண்டையை மட்டும் கோயில் திருவிழாவிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

"இடம் இல்லன்னு சொல்லலண்ணே. டாக்டர் கடிதம் இல்லாம சேர்க்க முடியாதுன்னுதான் சொன்னேன்" என்றாள் திலகா.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பள்ளியும் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளியும் சேர்ந்து நடத்தப்போகும் சிறப்புக் கல்வி வகுப்பு அது. தனித்தனியாக நடத்த இரண்டு பள்ளிக்கும் பிள்ளைகள் போதாது, சேர்ந்தால் போதும். பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு டாக்டர் கடிதமும் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துத்தான் இல்லை. இந்த வாரத்துக்குள் வராவிட்டால் வகுப்பே கிடையாது என்று கல்வி இலாகா கையை விரித்துவிட்டது. திலகா வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "எம்மவ என்ன பைத்தியமா?" என்று நளினி கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நளினியின் மகள் தேவிஸ்ரீ இதே பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மணி அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். அவளைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருவதற்குள் பாடமே முடிந்துவிடும். இன்னொரு வருஷமும் அந்தக் குழந்தை மேசைக்கடியில்தானா?

கடிதம் வைத்திருப்பவர்கள் வர மாட்டேன் என்கிறார்கள். வந்து நிற்பவரிடம் கடிதம் இல்லை!

"கடிதம் கிடிதம்லாம் அப்புறம் பாப்போம்லா!" காளிதாஸின் குரல் இன்னும் ஏறியது. "எனக்கு எல்லாம் தெரியும். அஞ்சாறு பிள்ளைக்கு ரெண்டு டீச்சர். வீட்டு வாசலுக்கே வேன் வரும். மணிகூட அடிக்க மாட்டாங்களாம், லைட்டுதான் எரியுமாம். இவ்ளோ நல்ல கிளாஸ யாருக்காக ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலண்ணே. இங்க படிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல..."

"எந்தப் பிள்ளைங்க? ஒருத்தர்கூட கையெழுத்துப் போடலயாமே! அவங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்க. புக்கிட் ரம்பாய்ல எங்க சொந்தக்காரங்க பிள்ளைங்க இருக்கு. எல்லாத்தையும் கொண்டாந்து ரொப்பிடறேன்!"

தலைமையாசிரியர் ஜெயராஜ் வந்து காப்பாற்றுவார் என்று திலகா வாசலைப் பார்த்தாள். பேனா கீழே விழுந்தாலே ஓடி வரும் மனிதர், இன்றைக்கென்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நளினி எழுந்துவிட்டாள்.

"யாருக்கு வேணாம்? யாரு சொன்னா வேணாம்னு?"

"நீங்கதான் கையெழுத்தே போடலயே..." என்று காளிதாஸ் இழுத்தார்.

"நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்! அதுக்குள்ள நேத்து குடிவந்தவரு எம்மவ இடத்தப் பிடுங்கிக்குவாரா? நல்லா இருக்கே நியாயம்! டீச்சர், குடுங்க அந்தத் தாள."

"நளினிக்கு முன்னாடியே டீச்சர் எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க" என்று பின்வரிசையிலிருந்து சேகரன் கிளம்பினார். டீச்சர் வந்த அன்று பின்வாசல் வழியாகப் பாசார் சந்தைக்கு ஓடிய அதே சேகரன்தான். அவரை முந்திக்கொண்டு இன்னொரு பிள்ளையின் அம்மா ஷாந்தினி பேனாவுக்குக் கை நீட்டினாள். "வரிசையில வாங்கம்மா" என்று அவளை அதட்டவும் சேகரனுக்கு வாய் இருந்தது.

கையெழுத்துப் போட்ட பிறகும் நளினி பேனாவை விடாமல் நின்றாள். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"டீச்சர், அங்க எம்மவளப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?"

"சிரிச்சா நான் சும்மா விடுவேனா?" என்றாள் திலகா. இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது.

"அநியாயம்! இலாகாவுக்கு எழுதிப் போடறேன் பாருங்க!" என்று கத்திக்கொண்டே காளிதாஸ் வெளியேறினார். மண்டபத்தில் ஒரே சிரிப்பு. ஊரான் வாய்க்குப் போக இருந்த சோற்றைத் தட்டிப் பறித்துவிட்ட சந்தோஷம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

திலகாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், அவரும் ஒரு தகப்பன்தானே! பெற்ற பிள்ளைக்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினார்? மோட்டாரைக் கிளப்பிக்கொண்டிருந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மகன நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எப்பாடு பட்டாவது அவனுக்கும் இடம் வாங்கித் தர்றேன். பேரு என்ன?"

காளிதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அவ்வளவு பெரிய குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"மகனா? எனக்கு இன்னும் பொண்ணே அமையல டீச்சர். நான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் புதுசா வந்த விளையாட்டு வாத்தியார். ரெண்டு ஹெட்மாஸ்டரும் பேசி வச்சுத்தான் என்னை அனுப்பினாங்க. முன்னாடியே சொன்னா நீங்க சிரிச்சுக் காட்டிக் குடுத்துடுவீங்கன்னு சொல்லல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில எங்க பள்ளியில பெற்றோர் கூட்டம். அங்க அம்மா வேஷம் உங்களுக்குத்தான்... மேசையத் தட்டி சத்தம் போட வரும்ல?"