ஏறியது இரண்டு, இறங்கியது ஒன்று

பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார் கணவர்.

வனக்காவலருக்கு மூக்கில் வியர்த்தது. காலையில் பாறை உச்சிக்கு ஏறியது கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். எட்டு வருஷமாக இந்தக் கடலோரப் பூங்காவின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்த்தே யார் குப்பை போடுவார், யார் பாதை மாறுவார் என்று சொல்லிவிடுவதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

“வீட்டுக்காரம்மா எங்க சார்?”

“சின்னதா ஒரு சண்டை. கோவிச்சுக்கிட்டு முன்னாடியே இறங்கிட்டா. கூடாரத்துல இருப்பா.”

கூடாரத்தில் இல்லை. காரிலும் இல்லை. மனைவியின் எண்ணுக்குப் போன் போட்டால், மணி கணவரின் சட்டைப்பையிலேயே அடித்தது. கன்னத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் வேறு. கேட்டால் முள் கிழித்ததாம். உச்சியிலிருந்து ஏதாவது விழுந்தால் கரை ஒதுங்குமா என்று இதே ஆள் நேற்றுப் போகிற போக்கில் கேட்டது வனக்காவலருக்கு நினைவுக்கு வந்தது. நல்ல பெண் அது. இரண்டு நாளாகப் போகும்போதும் வரும்போதும் ‘அண்ணே’ என்று வாய் நிறையக் கூப்பிட்டது.

ஏறியவர் இறங்காவிட்டால், காவலர்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி தேடப் போக வேண்டும் என்பது பூங்காவின் விதி. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றவர், கடற்கரையில் ஆமைக் கூடுகளைக் காத்தவர்கள் இருவர், சமையல்காரர் என எல்லாரையும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். கணவரை அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் மனதில் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்திருந்தது.

மூன்று மணி நேரம் புதர் புதராகத் தேடினார்கள். முள்ளில் சட்டை கிழிந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தபோது வனக்காவலருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி போலீஸ்தான் என்று போனை எடுத்தபோது, கீழே காருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துப்பட்டா அசைவது தெரிந்தது.

விழுந்தடித்து இறங்கி வந்தார்.

“வழி தவறி எங்கெங்கயோ சுத்திட்டேண்ணே. பயந்துட்டீங்களா?” என்றாள் மனைவி. தலையெல்லாம் மணல்.

வனக்காவலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கணவரின் இரு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கணவர் பெரிய மனதுக்காரர். உங்கள் கடமையைத்தானே செய்தீர்கள் என்று தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பெருந்தன்மை தாங்காமல், சுருட்டிய கூடாரத்தையும் கனமான இரண்டு ஐஸ் பெட்டிகளையும் வனக்காவலரே தூக்கிக் காரில் வைத்தார்.

“மெதுவாண்ணே, குலுங்கக் கூடாது,” என்றாள் அவள்.

கார் வளைவில் மறையும் வரை கையசைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒரு உயிரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோம், நல்லவேளை தப்பாகவே போனது என்று நிம்மதியாக இருந்தது.

கடற்கரைக்குத் திரும்பிய காவலரின் குரல் வயர்லெஸ்ஸில் கரகரத்தது: “அண்ணே, ஆறு ஆமைக் கூட்டையும் தோண்டிட்டாங்க. ஒரு முட்டைகூட மிச்சமில்ல.”