ரேடியோவுக்கு அடிக்காத மண்வாசனை

“பாவா, பள்ளிப்பட்டுப் பக்கம் மானம் கருத்துகினு வருது. காயப்போட்ட வேர்க்கடலையை வாரி உள்ள வச்சிடலாம், கொஞ்சம் கை குடுங்க” என்றாள் பங்காரு.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் கஜபதி அசையவில்லை.

“நேத்து சாயந்திரம் காபி ஓட்டல் ரேடியோவுல இன்னா சொன்னான் தெரியுமா? சித்தூர் ஜில்லாவுல மழையே கெடையாதாம். வெள்ளைக்காரன் போயி நம்ம சர்க்கார் வந்தாச்சு, பொய் சொல்லுமா? மெட்ராஸ்ல பெரிய படிப்பு படிச்சவங்க மிஷின் வச்சுப் பார்த்துச் சொல்றாங்க.”

“மண்வாசனை அடிக்குதுங்க.”

“ரேடியோவுக்கு அடிக்கலியே!”

அவன் சிரித்து முடிப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. ஒரு போகத்து வேர்க்கடலையும் வாசலைத் தாண்டி மிதந்து தெருவில் ஓடியது. நனைந்த வேட்டியோடு அதன் பின்னால் ஓடிய கஜபதி, வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

“எந்தச் சோம்பேறி சொன்னதைக் கேட்டுடா ரேடியோவுல படிச்சீங்க?”

முறத்தால் கடலையை அள்ளிக்கொண்டே பங்காரு கேட்டாள்.

“ஊர் ஊரா மழை அளக்கிற குமாஸ்தாங்க குடுக்கிற தந்தியை வச்சுத்தானே சொல்றாங்க? இந்த ஊர்ல அந்த உத்தியோகம் உங்களுதுதானே?”

“ஆங்... நேத்து காலையில தந்தி குடுத்தேனே!”

“குடுத்தீங்க. போர்வைக்குள்ள இருந்துகினே, ‘பங்காரு, மானம் எப்டிகீது?’ன்னு கேட்டீங்க. அடுப்பு ஊதிகினு இருந்த நான், தலையைக் கூடத் தூக்காம ‘மழையெல்லாம் வராது, தூங்குங்க’ன்னேன். அதை மெட்ராஸ்காரன் கூட நம்பிட்டான். இன்னிக்கு நெசமாவே மானத்தைப் பார்த்துட்டுச் சொன்னேன், நீங்கதான் நம்பல!”