பாரம் குறைந்த துவக்கு

"மச்சான், இது ரெண்டே முக்கால் கிலோ. மற்றது நாலேகால். மலையேறுறதுக்கு எதை எடுக்க?"

நோர்வேயில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நின்று, கைக்கு ஒன்றாக இரண்டு துவக்குகளையும் தூக்கி, கைபேசி வீடியோவில் காட்டினான் நிமலன்.

யாழ்ப்பாணத்துச் சரவணைக் கிராமத்தில் இருந்த சசிகரன் செய்த முதல் வேலை, கைபேசியின் சத்தத்தைக் குறைத்ததுதான். போன மாதமும் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, வெளிநாட்டிலிருந்து யார் யார் கதைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இயக்கத்தில் இருந்து, சரணடைந்து, புனர்வாழ்வு முகாம் முடித்து வந்தவனுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. இந்த மடையன் படத்தோடு காட்டுகிறான்.

பக்கத்தில் நிமலனின் தாய் அன்னபூரணம் சாப்பிட்ட கையோடு பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்கு மகனின் முகத்தைக் காட்டுவது சசிகரனின் பொறுப்பு. மத்தியானச் சோறும் அங்கேதான்.

அவனுக்குத் தாயும் இல்லை, தாரமும் இல்லை. தம்பி என்று கூப்பிட்டுச் சோறு போட மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் இந்த அன்னபூரணம் மாமிதான்.

அந்தச் சோற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. மாமியின் இளைய மகன் கோபிசங்கரைக் கடைசியாகக் கண்டவன் சசிகரன். சண்டை முடிந்த கிழமை, கோபி சனத்தோடு சனமாக ஆமிப் பக்கம் நடந்து போனதைக் கண்டேன் என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லில்தான் பதினாறு வருடமாக மாமியின் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிப் போகாத முகாம் இல்லை, படி ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

நிமலன் நிறுத்துவதாக இல்லை. மூன்று நாள் நடையாம். கூடாரம், சாப்பாடு, திரும்பும்போது மான் இறைச்சி, எல்லாம் முதுகில்தானாம். மலையில் கிராம் கணக்கில் பாரம் குறைக்க வேண்டும் என்று கூட்டாளிகள் சொன்னதில், பல் விளக்கும் பிரஷின் பிடியைக்கூடப் பாதியாக வெட்டிவிட்டானாம்.

வெட்ட வேண்டியது உன்னுடைய வண்டி வயிற்றை என்று சொல்லச் சசிகரனுக்கு வாய் வந்தது.

இலேசான துவக்கு சுடும்போது தோளில் உதைக்கும், பாரமானது ஆடாமல் நிற்கும் என்கிறானாம் கடைக்காரன்.

"நீதானேடா தூக்கித் திரிஞ்சனி. நீயே சொல்லு."

சசிகரன் மாமியைப் பார்த்தான். பாக்கு வெட்டி நின்றிருந்தது.

"இலேசானதை எடு. கூட வாறவன் விழுந்தால் அவனைத் தூக்கப் பலம் வேணும்."

நிமலன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு போன் கோல் எடுத்தால் அங்கே ஹெலிகொப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். ஆனாலும் பாரமானதைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தான்.

"தம்பி, கோபி நல்லா நடந்துதானே போனவன்? இவனுக்கும் ஒருக்காச் சொல்லு. இவன் நம்பாமல் கிடக்கிறான்" என்றார் மாமி.

சொல்லிவிடலாம் என்று சசிகரன் நினைத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் நினைக்கிறான். சொன்னால் இந்த வீட்டுப் படலை தனக்கு இனித் திறக்காது. அது போகட்டும். மாமி நாளைக்கு எதற்காக எழும்புவார்?

"ஓம் மாமி. நடந்துதான் போனவன்."

நடக்கக் கோபிக்கு அப்போது கால்கள் இருக்கவில்லை. அவன் சசிகரனின் முதுகில் கிடந்தான். கழுத்தில் துவக்குத் தொங்கியது. களப்புத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியபோது இரண்டையும் சுமக்க முடியவில்லை. ஆயுதத்தை விட்டுவிட்டு வருகிறவனை இயக்கம் என்ன செய்யும் என்று சசிகரனுக்குத் தெரியும்.

துவக்கோடு கரையேறினான்.

மூன்றாம் நாள் அதை மணலில் எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஆமியிடம் போனான்.