பச்சைக் காரே போதும்

"அந்தப் பச்சைக் காரையே எடுத்துக்கறேனுங்கண்ணா," என்றான் முனிவேல்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஷெட் போட்டுப் பழைய கார் விற்கும் கிருஷ்ணப்பனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. கார் வாங்குகிறேன் என்று ஒருவன் மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோதே, இன்றைக்கு நரி முகத்தில்தான் விழித்திருக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும், ஓசூரில் கார் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஷெட்டில் நின்றவை இரண்டே சின்னக் கார்கள். கறுப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு, பச்சைக்கு ஆயிரத்து இருநூறு. கறுப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். பச்சை இருக்கிறதே, அது பார்க்கத்தான் லட்சணம். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் நட்டநடு ரோட்டில் படுத்துக்கொள்ளும்.

உத்தனப்பள்ளிப் பண்ணைக்காரர் ஒருவர் வைத்திருந்த வண்டி அது. "என் கண்ணெதிரே நிக்க வேணாம், எடுத்துட்டுப் போய்யா" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். பெரிய மனிதர் கோபம் நமக்கு லாபம் என்று கிருஷ்ணப்பனும் காரணம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதை யார் தலையில் கட்டலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குருபரப்பள்ளி கம்பவுண்டரு இதைப் பாத்துட்டுப் போனாராமே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க," என்றான் முனிவேல்.

ஆகா, போட்டி! கிருஷ்ணப்பன் சுறுசுறுப்பானான். "யேசுராஜைச் சொல்றியா? சாயங்காலம் பணத்தோட வர்றாரு. சம்சாரத்துக்கு எட்டாம் மாசம். திடீர்னு வலி கண்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணுமில்ல? அதான் கையில இருக்கிற காசுக்குள்ள ஒரு நல்ல வண்டியா தேடறாரு."

"வழியில நின்னுடுமான்னு கேக்கலீங்களா?"

"கேட்டாரு. பெங்களூரு போயித் திரும்பினாலும் நிக்காதுன்னேன்."

முனிவேல் நேராகப் பச்சைக் காரின் பின்சீட்டுப் பக்கம் போனான்.

அந்தப் பின்கதவு ஒரு சண்டிக் கதவு. புதிதாக வருகிறவர்கள் இழுத்து இழுத்துக் கை வலித்துப்போய் நிற்பார்கள். திறக்கிற விதத்தைச் சொல்லக் கிருஷ்ணப்பன் வாயெடுப்பதற்குள், முனிவேல் கதவை லேசாக மேலே தூக்கி இழுத்தான். அது திறந்துகொண்டது.

"கைராசிக்காரன்ப்பா நீ!" என்று சிரித்தான் கிருஷ்ணப்பன்.

முனிவேல் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். முதன்முதலாகக் காரில் உட்காருகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கிருஷ்ணப்பனும் விட்டுவிட்டான்.

"இஞ்சினைப் பாக்க வேணாமா தம்பி?"

"வேணாமுங்க."

"ஓட்ட ஆள் இருக்குதா?"

"அது ஆவட்டுமுங்க." இறங்கி வந்து, துண்டில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து நீட்டினான். பேரம் என்ற பேச்சே இல்லை.

"இவ்ளோ பணம் ஏதுப்பா?" என்று கிருஷ்ணப்பன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

"மாந்தோப்பு ஒண்ணு இருந்துதுங்க. மூணு வருசத்துக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன்."

"அடப்பாவி! மூணு வருசம் சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"அதே தோப்புல கூலிக்குப் போறேனுங்க."

வாங்கிய பணம் கிருஷ்ணப்பன் கையில் கனத்தது. எத்தனையோ பேர் தலையில் எத்தனையோ ஓட்டை வண்டிகளைக் கட்டியவன்தான். ராத்திரி தூக்கம் கெட்டதில்லை. ஆனால் சொந்தத் தோப்பில் கூலிக்காரனாகப் போகிறவனை ஏமாற்ற அவனுக்கே மனசு வரவில்லை. தன்னை நினைத்துத் தானே கூசினான்.

"தம்பி, உங்கிட்ட மறைக்க முடியல. இந்த வண்டி வழியில நின்னுடும்ப்பா. ரேடியேட்டர் கொதிச்சுதுன்னா அவ்ளோதான், ஹாண்டில் போட்டுச் சுத்தினாலும் அசையாது. நீ கறுப்பை எடுத்துக்க. இதே ஆயிரத்து இருநூறுக்கே தர்றேன்."

முனிவேல் தலை குனிந்து நின்றான். நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை போலிருக்கிறது என்று கிருஷ்ணப்பன் அவன் தோளைத் தட்டினான்.

"எனக்கு நஷ்டம்னு பாக்காதே. பச்சையைக் கம்பவுண்டர் தலையில கட்டிடறேன். சர்க்கார் சம்பளக்காரரு, தாங்குவாரு."

சட்டென்று முனிவேல் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது. "அந்த விலைக்குக் கறுப்பைக் கம்பவுண்டருக்குக் குடுத்துடுங்கண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எனக்குப் பச்சையே போதும்."

"உனக்கென்ன பைத்தியமா? நிக்கிற வண்டின்னு தொண்டை கிழியச் சொல்றேன். தெரிஞ்சே அதை வாங்கி என்னப்பா பண்ணப் போறே?"

"இனி யாரும் இதுல ஏறக் கூடாதுங்கண்ணா. போன வைகாசியில வலி கண்டு, பண்ணைக்காரரு இதுல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. இது சானமாவு காட்டுல நின்னப்போ, என் நஞ்சம்மா வவுத்துப் புள்ளையோட இதுலதான் செத்தா."