டை கட்டிய வானவெளி வீரர்

தலையில் கண்ணாடிக் கூண்டு, முதுகில் காற்றுக் குடுவை, காலுக்குக் கீழே உருண்டையாகப் பூமி. சிவகாசியிலிருந்து வானவெளிக்குப் போன முதல் என்ஜினியர் பொன்ராஜ்தான். ராக்கெட் வெடியின் லேபிளில்தான் போயிருந்தார் என்பது வேறு விஷயம்.

அச்சகத்தில் காலையிலிருந்து இதே கேலி. வானவெளி உடுப்புக்கு மேலே கழுத்தில் டை வேறு தொங்கியது. கையில் அகப்பட்ட போட்டோவைப் பார்த்து உள்ளது உள்ளபடி வரைவது ஓவியர் யாகூபின் வழக்கம். போன சீசனில் அவர் வரைந்த பட்டாளத்துக்காரன், மூக்குக்கண்ணாடி உட்பட, முதலாளியின் மைத்துனர் சாடையில் இருந்தான்.

பொன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே மேலே போக ஆசைப்பட்டவர் அவர். போன வருடம், 1962-ல், ராக்கெட் ஆராய்ச்சிக்கு என்ஜினியர்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. இன்று ராக்கெட் விடுகிறவர்கள் நாளைக்கு ஆளையும் அனுப்புவார்கள், அந்த ஆள் நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனார். ஸ்டுடியோக்காரரின் டையைக் கட்டிக்கொண்டு அப்ளிகேஷனுக்குப் படம் எடுத்தார்.

வேலையில் இருப்பவர்கள் முதலாளி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அச்சகத்தின் ஜெர்மன் மிஷின் மக்கர் செய்தால் பொன்ராஜைத் தவிர அதைத் தொட ஆள் இல்லை. அதனால் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். ஆனால் முதலாளி ராக்கப்பன் அண்ணாச்சி அந்த நிமிடமே கையெழுத்துப் போட்டார். தானே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

"மிசின் கிடக்கட்டும், தம்பி. நீங்க நல்லா வரணும்" என்று அவர் சொன்னபோது பொன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதிலே வரவில்லை. உனக்கு வேலை இல்லை என்றுகூட ஒரு வரி வரவில்லை. அவரோடு படித்த ராஜசிங்குக்கு வேலை ஆர்டர் வந்து, அவன் வெளிநாட்டுப் பயிற்சிக்கே கிளம்பிப் போய்விட்டான். மெட்ராஸில் ஆள் வைத்து விசாரித்ததாகவும், சிபாரிசு உள்ளவர்களை மட்டும்தான் எடுத்தார்களாம் என்றும் அண்ணாச்சி வருத்தத்தோடு சொன்னார். சர்க்கார் தன்னை ஏமாற்றிவிட்டது என்று பொன்ராஜ் ஒரு வருடமாக வெந்துகொண்டிருந்தார். போன மாதம் அவருக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது.

இப்போது லேபிளை மறுபடி பார்த்தபோது கோபம் தணிந்தது. நிஜத்தில் போக முடியாதவனைப் படத்திலாவது அனுப்பிவைக்கிறார் அண்ணாச்சி. அதற்காக மதுரை ஸ்டுடியோவில் கேட்டு இன்னொரு பிரதி போட்டு வாங்கியிருக்கிறார். உலகத்தில் தனக்காக வருத்தப்பட ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

வீட்டுக்கு ஒரு படம் எடுக்கவில்லையே என்று அம்மா ஞானபூரணிக்கு அன்றிலிருந்தே குறை. அண்ணாச்சி ஆர்டர் விஷயமாகப் பம்பாய் போயிருந்தார். பொன்ராஜ் நேரே யாகூபிடம் போனார்.

"பாய், உங்க வேலைதான் முடிஞ்சுபோச்சே. அந்தப் போட்டோவைத் தாங்க. அம்மா பிரேம் போட்டு மாட்டணும்னு சொல்லுதாக."

யாகூப் தூரிகையைக் கீழே வைத்தார். முதலாளியின் மேசை டிராயரில் எடுத்தது, அவர் வருவதற்குள் அங்கேயே வைத்துவிட வேண்டும் என்றார். அண்ணாச்சி ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் தங்கமான மனுசர் என்றார் பொன்ராஜ். யாகூபுக்கும் கொடுக்க ஆசைதான். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நல்லா ஒட்டிக் கிடக்கு, சார். பிய்ச்சா அப்ளிகேசன் கிளிஞ்சிரும்."